இறங்கும் முன்பே இறந்த பாராசூட் வீரர்

ஜெர்மன் போர் வீரர்களின் நினைவு அட்டை சேர்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். என் 85 யூரோ போய்விட்டது.

ஜெர்மனியில் பவேரியா போன்ற கத்தோலிக்கப் பகுதிகளில் ஒருவர் இறந்தால், உள்ளங்கை அளவில் ஓர் அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். 'ஸ்டெர்பெபில்ட்' என்று பெயர். ஒரு பக்கம் இயேசுவோ மாதாவோ இருக்கும். மறுபக்கம் இறந்தவரின் படம், பெயர், ஊர், மாண்ட இடம், நாள், கீழே ஒரு சிறு ஜெபம். வாங்கியவர்கள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். இரண்டு உலகப் போர்களிலும் உடல் வந்து சேராத வீடுகளில் மிஞ்சியது பல நேரம் இதுதான்.

சாதாரணக் காலாட்படை வீரரின் அட்டை ஒன்றிரண்டு யூரோவுக்கே கிடைக்கும். பாராசூட் படை, ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்எஸ் என்றால் விலை எங்கேயோ போய்விடும். போலிகளும் அங்கேதான் அதிகம்.

நான் வாங்கியது கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் 1941 மே மாதம் இறந்த பாராசூட் வீரருடையது. "பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் இருந்தது" என்றார் விற்றவர். கட்டணம் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் அனுப்புங்கள் என்றார். அப்படி அனுப்பினால் பணம் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். ஆசை!

அட்டையில் இறந்த நாள் மே 18. ஜெர்மன் பாராசூட் படை கிரீட்டில் குதித்ததே மே 20 காலையில்தான். சரி, அச்சுப்பிழையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். வீட்டு பிரிண்டரின் வேலை. பழுப்பேறிய மூலைகூட அச்சடித்ததுதான். புற ஊதா விளக்கில் அட்டை நீலமாகப் பளிச்சிட்டது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் போருக்குப் பிறகே பரவலானது.

அப்புறம், போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்புண்டின் இணையத் தேடலில் பெயரைப் போட்டேன். அதே பெயர், அதே பிறந்த நாள். ஆனால் அவர் இறந்தது 1943இல், ரஷ்யாவில். யாரோ ஒரு வீட்டுப் பையனின் உண்மையான சாவை அழித்துவிட்டு, விலைபோகிற சாவு ஒன்றை எழுதியிருக்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு, "தனியார் விற்பனை, திரும்ப எடுக்க மாட்டேன்" என்று ஒரே வரி. தெரிந்தே ஏமாற்றியவருக்கு ஜெர்மன் சட்டத்தில் அந்த வரி கைகொடுக்காது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கும் முன் இரண்டு பக்கத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தேதியைப் போர் வரலாற்றோடு ஒப்பிடுங்கள். நேற்று அந்த ஆள் புதிதாக ஓர் அட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதே பாட்டி, அதே ஜெபப் புத்தகம்.