டூயல் பூட் (ஒரே லேப்டாப்ல ரெண்டு ஓஎஸ்) போட கடையில லேப்டாப் குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சுட்டுப் போங்க

பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா, லேப்ல உபுண்டுங்கிற லினக்ஸ் ஓஎஸ் தான் யூஸ் பண்றாங்களாம், வீட்டு லேப்டாப்லயும் விண்டோஸ் பக்கத்துலயே போட்டுக் குடும்மான்னு கேட்டா. 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதுல டி டிரைவ்ல பத்து வருஷ போட்டோ, அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ எல்லாம் இருந்துச்சு. அப்பா இப்ப இல்ல. அதனால பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற சர்வீஸ் கடையில குடுக்கும்போதே "தம்பி, சி டிரைவ்ல இருந்து 100 ஜிபி மட்டும் ஷ்ரிங்க் பண்ணி, அதாவது சுருக்கி எடுத்து, அதுல போடுங்க, டி-யைத் தொடவே கூடாது"ன்னு ரெண்டு தடவ சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா"ன்னான்.

சாயந்திரம் வாங்கிட்டு வந்து ஆன் பண்ணா நேரா உபுண்டு தான் வருது, விண்டோஸ் மெனுவே இல்ல. டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கும், அதைத் திறந்து பாத்தேன், ஓரத்துல 500 எம்பி சொச்சத்துக்கு பூட் ஆகுறதுக்கான ஒரு சின்ன இஎஃப்ஐ துண்டு, மிச்சம் மொத்த டிஸ்க்கும் நீளமா ஒரே எக்ஸ்டி4 (உபுண்டுவோட ஃபார்மேட்) பார்ட்டிஷன், சி-யும் இல்ல, டி-யும் இல்ல. வயித்துல நெருப்பக் கொட்டின மாதிரி ஆயிடுச்சு.

மறுநாள் காலைல கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். ரொம்ப நேரம் கேட்டப்புறம் தான் சொல்றான், இன்ஸ்டாலர்ல விண்டோஸ் பக்கத்துலயே போடுற அலாங்சைடு ஆப்ஷன் வரலையாம், அதனால மொத்தத்தையும் அழிக்கிற இரேஸ் டிஸ்க் குடுத்துட்டானாம். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணாலும் அது முழுசா மூடாது, அந்த ஆப்ஷன் வராம போறதுக்கு அதுவும் ஒரு காரணம், அதை ஆஃப் பண்ணிட்டு திரும்ப ட்ரை பண்ணியிருக்கணும், இல்லன்னா எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும்.

ஆனா என்னால இன்னிக்கும் ஆற முடியாதது அதுக்கப்புறம் நடந்தது தான். "குடுங்க மேடம், பழையபடி பண்ணித் தரோம்"ன்னு ஓனர் சொன்னாரு, நானும் டேட்டாவைத் தான் எடுத்துத் தரப் போறாங்கன்னு நம்பிக் குடுத்தேன். அவங்க அதே டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி விண்டோஸைப் போட்டு, ஆபீஸ், போட்டோஷாப், கேம்ஸ்னு நான் கேக்காததை எல்லாம் ஏத்தி, டி டிரைவ்னு ஒண்ணை காலியா உருவாக்கிக் குடுத்துட்டாங்க. உபுண்டு மட்டும் ஏறியிருந்த நிலமையில டெஸ்ட்டிஸ்க் மாதிரி ஒரு டூலை ஓட்டியிருந்தா பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடிச்சு நிறைய எடுத்திருக்கலாம், ஏன்னா ஹார்ட் டிஸ்க்ல மேல எழுதாத வரைக்கும் பழைய டேட்டா அங்கயே தான் இருக்கும் (எஸ்எஸ்டின்னா அழிச்ச இடத்தைத் தானா காலி பண்ற ட்ரிம் வேற இருக்கு, அதுல இந்த வாய்ப்பு ரொம்பக் கம்மி). தப்பை மறைக்கிறதுக்காக அதுக்கு மேலயே எழுதிட்டாங்க. கேட்டா "உங்க டிஸ்க்கே வீக்கு மேடம்"ங்கறாங்க.

கசின் தம்பி வந்து ஃபோட்டோரெக்னு அழிஞ்ச ஃபைலைத் தேடி எடுக்கிற டூலை ஓட்டினான், ராத்திரி முழுக்க ஓடுச்சு. கொஞ்சம் போட்டோ வந்துச்சு, பேரெல்லாம் போயி எஃப்னு ஆரம்பிச்சு வெறும் நம்பரா. வீடியோ ஒண்ணும் ஓடல, அப்பா மாலையோட நிக்கிற முதல் ஃப்ரேம் வந்து அப்படியே நின்னுடுது.

தயவு செஞ்சு கடைக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துருங்க. ஷ்ரிங்க் பண்றதை விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட்ல நீங்களே பண்ணி, அன்அலகேட்டட்னு (எதுக்கும் ஒதுக்காததுன்னு) காட்டுற இடத்துல மட்டும் போடச் சொல்லுங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வெச்சுக்கோங்க. எந்த டிரைவைத் தொடக்கூடாதுன்னு ஜாப் ஷீட்ல எழுதி வாங்குங்க, நான் வாய்ல தான் சொன்னேன், பில்லுல "ஓஎஸ் இன்ஸ்டலேஷன் 1,200"ன்னு மட்டும் தான் இருக்கு, இதை வெச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிட்டு என்னன்னு நிரூபிப்பேன்?

அந்த டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெச்சிருக்கேன், இனி எதுலயும் மாட்டப் போறதில்ல. பாதி வந்த வீடியோவை சரி பண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.