குழாய்த் தண்ணீரில் தொழிற்சாலை இரசாயனம்: எந்தச் சோதனையை நம்பலாம்?

2020 செப்டம்பர் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றில் கரைப்பான் வாடை கண்டறியப்பட்டு, நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டதும், கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றுபோனதும் கோலாலம்பூர்வாசிகள் பலருக்கு நினைவிருக்கும். ஆலையை மூடினால் குழாய் வற்றுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். வந்துகொண்டிருக்கும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய, டிடிஎஸ் மீட்டர், நிறம் மாறும் சோதனைப் பட்டை, வடிகட்டி விற்பவர் வீட்டுக்கே வந்து செய்துகாட்டும் இலவசச் சோதனை, ஆய்வுக்கூடப் பகுப்பாய்வு என நான்கு வழிகள் நம் முன் இருக்கின்றன. தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய கேள்விக்கு இவற்றுள் கடைசி ஒன்றே நேரான பதில் தரும். அதுவும் கேட்கத் தெரிந்து கேட்டால்தான்.

டிடிஎஸ் மீட்டர் மலிவானது. நொடியில் எண்ணைக் காட்டிவிடும். அது உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துத்திறனை. அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் அளவைத் தோராயமாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஈயம் கலந்தாலும் கூடுவது 0.1 மில்லிகிராம்தான் என்பதால், முழு எண்களை மட்டும் காட்டும் மீட்டரில் 50 என்பது 50 ஆகவே நிற்கும். பென்சீன் போன்ற கரைப்பான்கள் நீரில் அயனிகளாகப் பிரிவதில்லை. அவை எவ்வளவு கலந்திருந்தாலும் மீட்டர் அசையாது. ஆனால் கடையில் வாங்கிய மினரல் வாட்டரில் முக்கினால் எண் எகிறும். வீட்டில் ஆர்ஓ வடிகட்டி வைத்திருப்பவர் அதன் சவ்வு பழுதாகிவிட்டதா என்று பார்க்க இந்த மீட்டர் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இலவசச் சோதனையை நான் இதற்கும் கீழே வைப்பேன். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குழாய் நீரையும் வடிகட்டிய நீரையும் ஊற்றி மின்முனைகளை இறக்கியதும், குழாய் நீர் பழுப்பாகக் குழம்பும். அந்தப் பழுப்பு நீரில் இருந்த அழுக்கன்று, கரைந்து வரும் இரும்பு மின்முனையின் துரு. வடிகட்டிய நீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் மின்சாரம் சரிவரப் பாய்வதில்லை, ஆகவே தெளிவாக இருக்கிறது. அந்தக் குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் குழம்பிவிடும். சில சொட்டு மருந்தில் நீர் மஞ்சளாவதைக் காட்டினால், அது கிருமிகளைக் கொல்ல ஆலையிலேயே சேர்க்கும் குளோரின்.

சோதனைப் பட்டைகள் குளோரின், கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றுக்கு ஓரளவு பயன்படும். ஈயம் போன்றவற்றின் நுண்ணிய வரம்பருகே நிறத்தை வைத்து முடிவு சொல்வது கடினம்.

ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அந்தச் சான்று ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக வழங்கப்படுவதால், நமக்கு வேண்டிய சோதனை அதில் அடங்குகிறதா என்றும் கேட்கவேண்டும். ‘எல்லாவற்றையும் பாருங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. உலோகங்களுக்கு ஒரு கருவி, ஆவியாகும் கரைப்பான்களுக்கு வேறொரு கருவி, பிஎஃப்ஏஎஸ் எனப்படும் எளிதில் சிதையாத இரசாயனங்களுக்கு மற்றொன்று, கட்டணமும் தனித்தனி. பிஎஃப்ஏஎஸ் வகையில் இரண்டு சேர்மங்களுக்கு அமெரிக்கா 2024இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். டிடிஎஸ் மீட்டர் காட்டக்கூடிய மிகச்சிறிய மாற்றமான லிட்டருக்கு 1 மில்லிகிராமே இதைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு பெரியது.

மாதிரி எடுப்பதில்தான் பணம் வீணாகும். குடித்து முடித்த மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் முடிவை நம்ப முடியாது. ஆய்வுக்கூடம் தரும் புட்டிகளையே பயன்படுத்தவேண்டும். கரைப்பான் சோதனைக்கான சிறு கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடித் தலைகீழாகப் பிடித்தால் ஒரு குமிழிகூட எழக்கூடாது. எழுந்தால் அந்த வெற்றிடத்துக்குள் கரைப்பான் ஆவியாகப் போய்விடும். ஈயத்துக்கு, இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் நீரில் ஒரு மாதிரியும், சில நிமிடங்கள் ஓடவிட்டபின் இன்னொன்றும் எடுக்கலாம். முதலாவதில் மட்டும் ஈயம் கூடியிருந்தால் வீட்டுக் குழாய்களையோ அவற்றின் இணைப்புகளையோ சந்தேகிக்கவேண்டும். பல தரைவீடுகளில் சமையலறைக் குழாய் நேரடி இணைப்பிலும் குளியலறை கூரைத் தொட்டியிலும் இருப்பதால், எந்தக் குழாயில் பிடித்தது என்பதையும் புட்டியில் எழுதிவையுங்கள்.

ஆய்வுக்கூட முடிவும் அந்த ஒரு கணத்து நீரைப் பற்றியதுதான். கழிவு ஆற்றில் கலந்து சில மணி நேரத்தில் கடந்துபோனபின் எடுத்த நீர்மாதிரி சுத்தமாகவே வரும். இந்த இடத்தில் மூக்கு கைகொடுக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளிலும் மணமற்ற நீரைக் கலந்து கலந்து முகர்ந்து பார்க்கும் முறை உண்டு. பெயின்ட், பெட்ரோல் போன்ற வாடை வந்தால் குடிப்பதை நிறுத்தி, உடனே நீர் விநியோக நிறுவனத்தை அழையுங்கள். காய்ச்சிக் குடித்துவிடலாம் என்று எண்ணவேண்டாம்: கரைப்பான் ஆவி சமையலறையில் பரவும், ஈயமோ நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.