சேலையூரில் தினமும் எங்கே சாப்பிடுவது?

அப்பாவும் அம்மாவும் மேற்கு மாம்பலத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். லிஃப்ட் இருக்கிறது, காற்று வருகிறது, வாடகையும் குறைவு. ஆனால் அம்மாவால் முன்போல இரண்டு வேளையும் அடுப்படியில் நிற்க முடிவதில்லை. மாம்பலத்தில் அதைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. தெருமுனையில் மெஸ், அடுத்த தெருவில் இன்னொன்று. முடியாத நாளில் ரசமும் பொரியலும் மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம். சேலையூரில் எதை எங்கே தேடுவதென்று தெரியாமல் பாதி நாட்களைத் தயிர்சாதத்திலேயே ஓட்டியிருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு லண்டனிலிருந்து போன எனக்கு அதனால் வேலை தயாராகக் காத்திருந்தது. எழுபது தாண்டிய இருவர், அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு பேரும் சைவம். இவர்கள் தினமும் சாப்பிடும்படி ஓரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

விடுமுறைக்கு வருகிறவன் தேடும் ஹோட்டல் வேறு, அங்கேயே குடியிருப்பவர்கள் தேடும் சாப்பாடு வேறு. எனக்கு முறுகலாக நெய் ரோஸ்ட்டும் டபரா காபியும் கிடைத்தால் போதும், ஒரு வருடத்துக்குத் தாங்கும். அவர்களுக்கோ நாளைக்கும், நாளன்றைக்கும், அதற்கு அடுத்த நாளும் வயிற்றைக் கெடுக்காத சாம்பார் வேண்டும். "இங்கே எந்த ஹோட்டல் ஃபேமஸ்?" என்று கேட்டால் முதல் வகைக்குத்தான் பதில் வரும்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. பெயர் பெரிதானதே தவிர, சாப்பாட்டு விஷயத்தில் ஒவ்வொரு தெருவும் தனி ஊர்தான். யார் சாப்பிடுகிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் கடை வருகிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-லிருந்து தாம்பரத்தில் இருக்கிறது. அதற்குப் பின் வந்த கல்லூரிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகமான மெப்ஸில் ஷிஃப்ட் முறையில் வேலை நடக்கிறது. ஆகவே கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வரை வேளச்சேரி சாலையோரமாக நடந்தால் பிரியாணி, ஃப்ரைடு ரைஸ், ஷவர்மா, மறுபடியும் பிரியாணி. இருபது வயதுக்காரர்களுக்குச் சொர்க்கம். அவரைக்காய்க் கூட்டும் மிளகு ரசமும் கேட்பவர்களை அந்தச் சாலை கண்டுகொள்வதே இல்லை. (ஷவர்மா என்றதும் நினைவுக்கு வருகிறது: பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. இளவட்டங்களை அழைத்துப் போகிறவர்கள் கடைக்காரரிடம் எந்த மயோனைஸ் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

அப்பாவுக்கு நடுவில் ஒரு யோசனை வந்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணியில் மாம்பலம், பழைய மெஸ்ஸிலேயே கேரியரில் வாங்கி வந்துவிடலாமே என்றார். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோக்காரருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு சாப்பாடே வாங்கலாம் என்று அம்மா கணக்குச் சொன்னதும் யோசனை அடங்கியது.

கூகுள் மேப்பில் நட்சத்திரத்தைப் பார்த்துத் தேடுவது இந்த மாதிரி இடத்தில் அவ்வளவாக உதவாது. 4.3 வாங்கிய கடைக்கு விமர்சனம் எழுதியிருப்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். அவர்கள் மெச்சுவது அளவையும் விலையையும். அதில் தப்பில்லை, ஆனால் அது அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு வழிகாட்டாது. பழைய விமர்சனங்கள் இன்னும் மோசம். நம் ஊரில் போர்டு மாறாது, மாஸ்டர் மாறிவிடுவார். அன்றைக்கே அது வேறு கடை. நான் புதியவை முதலில் வரும்படி மாற்றிவைத்து, சாப்பிடுகிறவர்கள் போட்ட படங்களை மட்டும் பார்த்தேன். இலையில் எத்தனை காய், சாம்பார் தண்ணீராக ஓடுகிறதா, பொரியலில் எண்ணெய் மினுக்குகிறதா என்பதை எழுத்தைவிடப் படம் சரியாகச் சொல்லிவிடும்.

அதைவிட நல்ல வழி, மதியம் ஒரு மணிக்கு யார் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்று பார்ப்பது. வங்கி ஊழியர்கள், மருந்துக்கடைப் பையன்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாம் மாதம் முழுக்க வெளியே சாப்பிடுகிறவர்கள். கடை கொஞ்சம் சறுக்கினாலும் அவர்கள் வயிற்றுக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருந்த பெரியவரிடம், "அண்ணே, இங்க சைவச் சாப்பாடு எங்க நல்லாயிருக்கும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "உங்களுக்கா, வீட்ல இருக்கற பெரியவங்களுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கென்றால் மெயின் ரோட்டில் ஒன்று, பெரியவர்களுக்கென்றால் உள்ளே அகரம்தென் சாலைப் பக்கம் ஒரு அக்கா மெஸ் நடத்துகிறார், போர்டு சின்னதாக இருக்கும், பார்த்துப் போங்க என்றார். இத்தனை நாள் செல்போனைத் தேய்த்ததில் கிடைக்காத தகவல்.

மெஸ்ஸுக்கு வருவதற்கு முன் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய சைவ ஹோட்டல்களின் கிளைகள் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் இருக்கின்றன. சுத்தம், பார்க்கிங், கழிப்பறை எல்லாம் உண்டு. உறவுக்காரர்கள் வந்தால் கூட்டிப்போக வசதி. தினசரிக்கு உதவாது. எல்லாவற்றிலும் உப்பும் எண்ணெயும் ஒரு கை தூக்கல், இருவர் போய் வந்தால் செலவும் கை மீறுகிறது. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வரி வரும், அது சரிதான். விற்பனையில் ஒரு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் கம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்திருக்கும் சிறிய ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. 'சர்வீஸ் சார்ஜ்' வேறு சங்கதி. கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. குடும்பத்தோடு போன ஏசி ரெஸ்டாரன்ட் ஒன்றில் அது பில்லில் இருந்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள், முகம்தான் கொஞ்சம் சுண்டிப் போயிற்று.

டெலிவரி செயலிகள் பற்றி லண்டனில் இருந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. இங்கிருந்தே ஆர்டர் போட்டால் அங்கே சாப்பாடு போய்ச் சேரும், பிரச்சினை தீர்ந்தது என்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. கடையில் இருக்கும் விலைக்கும் செயலியில் இருக்கும் விலைக்கும் வித்தியாசம். அதன்மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். வளாகத்துக்கு இரண்டு கேட். மேப் எப்போதும் பூட்டிய கேட்டுக்குத்தான் அழைத்துப் போகிறது. வண்டிக்காரத் தம்பி போன் செய்வார், அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, இருவரும் கத்திக்கொண்டே இருக்க இட்லி ஆறும். ஒருநாள் வேறு யாருடைய பார்சலோ வந்தது. உதவி மையத்தின் சாட்டில் அந்த இயந்திரம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தது, யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று செயலியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

காலை டிபன் விஷயத்தில் சேலையூர் மாம்பலத்துக்குச் சளைத்ததில்லை. ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக ஆறரைக்கே தள்ளுவண்டிகளில் ஆவி பறக்கிறது. இட்லி, பொங்கல், வடை, சில இடங்களில் வடகறி. ஒன்பதரைக்கு மேல் போனால் அடிச்சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள், அதுவே நல்ல அறிகுறி. மிச்சம் வைத்து மதியம் சூடு பண்ணும் பேச்சு இல்லை. மாலையில் அதே வண்டியில் பஜ்ஜி என்றால் நான் வாணலியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பேன். எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் பொங்கிக்கொண்டிருந்தால் நகர்ந்துவிட வேண்டியதுதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைந்து அதில் சேரும் துருவக் கூறுகள் (போலார் காம்பவுண்ட்ஸ்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. தள்ளுவண்டியில் அதை அளக்க யார் வரப்போகிறார்கள், நம் கண்தான் கருவி.

பார்சல் வாங்கப் போனால் கையோடு தூக்கு கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டிக் கொடுக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. தூக்கை நீட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாறாக, ஒரு கரண்டி கூடுதலாகவே விழுகிறது.

சரி, மெஸ். ஒரு தனி வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் நான்கு மேசைகள். சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதில் இருக்கும் 14 இலக்க எண் 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. இது இரண்டாவது வகை. லண்டனில் கடை வாசலில் சுகாதார மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போகிற பழக்கத்தில் இங்கேயும் சான்றிதழைத் தேடினேன், இருந்தது மகிழ்ச்சி. ஆனாலும் கை கழுவும் இடமும் பாத்திரம் தேய்க்கும் இடமும் அதைவிட உண்மை பேசும். இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன.

முதல் நாள் நான் மட்டும் போய்ச் சாப்பிட்டேன். அடுத்து அம்மாவோடு, ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து. வாரக் கடைசியில் எந்த மெஸ்ஸும் நன்றாகத்தான் சமைக்கும். வாரத்தின் நடுவில், இரண்டு மணிக்கு மேல் போனால் அசல் தெரியும். அன்றைக்குக் கோஸ் பொரியல் தீர்ந்திருந்தது. இருப்பதை வைத்துச் சமாளிக்காமல், அப்போதே வாழைக்காயை நறுக்கி வதக்கிக்கொண்டு வந்தார் அந்த அக்கா. அம்மாவின் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிட்டது.

கல்லாவில் பணம் கொடுக்கும்போது கேட்டேன்: "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. உப்பு கம்மியா தர முடியுமாக்கா?"

"எல்லாருக்கும் ஒரே அண்டாதான் தம்பி. பாதி உப்பு போட்டதும் ஐயாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சுடறேன். அப்பளம், ஊறுகாய் ரெண்டும் அனுப்ப மாட்டேன். அப்புறம் அவர் வந்து சண்டை போடக் கூடாது."

மாதக் கணக்குக்கு ஒத்துக்கொண்டார். மதியம் மட்டும், ஒரு கேரியர் 130 ரூபாய். அதில் வருவது சாதத்தையும் சேர்த்து இருவருக்குத் தாராளம், மிஞ்சும் ரசத்தில் அப்பாவின் இரவுச் சாப்பாடும் முடிந்துவிடுகிறது. இரண்டு கேரியர்கள் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும், ஒன்று வரும்போது மற்றது கழுவிப் போக வேண்டும். வேண்டாத நாளைக்கு முந்தின இரவே சொல்லிவிட வேண்டும், காலையில் சொன்னால் கணக்கில் வரும். அமாவாசை அன்று வெங்காயம் பூண்டு கிடையாது. கொண்டுவந்து கொடுப்பது அவருடைய தம்பி மகன், ஸ்கூட்டியில். இவன் பூட்டிய கேட்டுக்குப் போவதில்லை.

பணம் அனுப்புவதை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். இங்கிலாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சில உட்படக் குறிப்பிட்ட நாடுகளின் செல்போன் எண்ணையே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-லிருந்து வழி உண்டு. எல்லா வங்கியும் எல்லாச் செயலியும் இதைத் தருவதில்லை, ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்பே உங்கள் வங்கியில் கேட்டுவிடுங்கள். எனக்கு வேலை செய்தது. டீக்கடையில் 15 ரூபாய்க்குக்கூட ஸ்கேன் செய்தேன். அக்கா மட்டும் மாதப் பணத்தை அப்பா கையில் ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்கிறார். கியூஆர் அட்டை அவர் மகன் பெயரில் இருக்கிறதாம், அதில் விழும் பணம் அவர் கைக்கு வந்து சேர்வதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. அன்றைக்கு என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சி பிளாக்கில் இருந்து ஒருவர் வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் விற்கிறார். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, காரம் அதிகம் என்று அப்பா தொடுவதில்லை. பிப்ரவரியில் தம்பி பெங்களூரிலிருந்து வருகிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் பொறுப்பு.