"வனத்துறை அனுமதியுடன் அருவிப் பயணம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்ற வாரம் என் தங்கை ஒரு விளம்பரப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இது நம்ம பாப்பாதானே?" என்று கேட்டாள். அருவிக்கு எதிரே ஒரு பாறையின்மேல் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தது என் 13 வயது மகளேதான். படத்தின் கீழே, "வனத்துறை அனுமதியுடன் காட்டு அருவிப் பயணம், இன்னும் சில இடங்களே உள்ளன" என்று எழுதியிருந்தது. அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளில் எங்களிடம் எந்த அனுமதியும் இருக்கவில்லை. படம் எடுத்த அரை மணி நேரத்துக்குள் அந்தப் பாறை வெள்ளத்துக்குள் மூழ்கிவிட்டது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்த தவறில் எங்களுக்கும் பங்கு இருப்பதால் இத்தனை நாள் எழுதத் தயங்கினேன். அதே படத்தைக் காட்டி அடுத்த கூட்டத்தைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நாங்கள் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். கொடிவேரியில் குளிப்பதும் ஆடிப்பெருக்கன்று பவானிக் கரைக்குப் போவதும் எங்களுக்குப் பழக்கமே தவிர, மலைக்காட்டுக்குள் நடந்துபோய் அருவி பார்த்ததில்லை. மகள் ஆசைப்பட்டதால் அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் செல்வதற்காக, நான், கணவர், மகள், நாத்தனார், அவருடைய கணவர் என ஐந்து பேருக்கு, ஆளுக்கு 2,800 ரூபாய் வீதம் 14,000 ரூபாயை முன்கூட்டியே ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பினோம். வனத்துறை அனுமதி, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி, காப்பீடு, மதிய உணவு, அதிகபட்சம் 12 பேர் என்று அவர்கள் எழுத்திலேயே உறுதி தந்திருந்தார்கள். பணம் அனுப்பும் முன் நான் தொலைபேசியில் அழைத்து, "அனுமதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்கவும் செய்தேன். "எல்லாம் வாங்கியாச்சுங்க அக்கா, அங்க இருக்கறது பூராம் நம்ம ஆளுங்கதான்" என்று பதில் வந்தது. அனுமதி வாங்கியவருக்கு "நம்ம ஆள்" எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

திருப்பூரில் அதிகாலையில் ஏறியபோது வண்டிகள் இரண்டு, ஆட்கள் 27 பேர். வழிகாட்டியாக வந்தவர் இருபது வயதைத் தாண்டாத நகரத்துப் பையன். பொள்ளாச்சியைக் கடந்து மலையடிவாரச் சோதனைச்சாவடியை நெருங்கும்போது அவர் எழுந்து நின்று, "யாராச்சும் கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லிருங்க" என்றார். என் கணவர் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னதும், சாவடியில் வாங்கிய ஒரு சீட்டைக் காட்டினார். முத்திரையும் தேதியும் இருந்ததால் நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சீட்டு, வாகனமும் ஆட்களும் சாவடியைக் கடந்து சாலை வழியே செல்வதற்கான நுழைவுக் கட்டண ரசீது. சாலையை விட்டு இறங்கிக் காப்புக்காட்டுக்குள் நடப்பதற்கு அது எவ்வகையிலும் அனுமதி ஆகாது. மலையேற்ற அனுமதி என்றால் எந்தத் தடம், எந்தத் தேதி, எத்தனை பேர், யார் அழைத்துச் செல்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று பின்னர் வனவர் எங்களுக்கு விளக்கினார். எங்கள் சீட்டில் வண்டி எண்ணும் தொகையும் மட்டுமே இருந்தன. அரசு முத்திரை இருக்கிறதே என்று நாங்கள் நம்பியதைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது; அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆற்றோரம் நீர்மத்தி மரங்கள் வெளுத்த அடிமரத்தோடு நீருக்கு மேல் சாய்ந்து நின்றன, மூங்கில் புதர்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்தது. ஆனால் தடத்தில் ஆவி அடங்காத யானைச் சாணம் கிடந்தபோது, முன்னால் சென்றவர்கள் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு நடந்தார்கள், வழிகாட்டி அதைத் தடுக்கவில்லை. காட்டைத் தெரிந்தவர் எவரும் அந்தச் சாணத்தைப் பார்த்த பிறகு கூட்டத்தை நகர விட்டிருக்க மாட்டார். அட்டை கடித்தவர்களுக்குப் போட உப்புகூட அவரிடம் இல்லை. முதலுதவிப் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, வண்டியில் இருப்பதாகச் சொன்னார்.

அருவிக்குப் போக ஆற்றை ஓரிடத்தில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. காலையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. அருவியில் குளித்து முடித்ததும், வழிகாட்டி ஒவ்வொருவராகப் பாறைமேல் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கினார். அப்போது எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மலை உச்சிப் பக்கம் மட்டும் கருத்திருந்தது. தெளிவாக ஓடிய நீர் மெல்லக் கலங்குவதையும் சருகும் சுள்ளியும் மிதந்து வருவதையும் என் நாத்தனார் கவனித்துச் சொன்னார். "மேல எங்கியாச்சும் மாடு எறங்கியிருக்குங்க, ரெண்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி படம் எடுப்பதைத் தொடர்ந்தார். அந்த வரிசையில் எடுத்த படம்தான் இப்போது விளம்பரத்தில் இருப்பது.

எங்களைக் காப்பாற்றியவர் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். பாட்டுச் சத்தம் கேட்டு வந்தவர் அக்கரையிலிருந்து, "தண்ணி செவந்துருச்சுங்க, போட்டது போட்டபடி வாங்க, பொம்பளைங்க கொழந்தைங்க மொதல்ல" என்று கத்தினார். கைகோத்து இறங்கியபோது நீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நடுவில் போனபோது என் தொடையை எட்டியது. மகளின் கையை அவர்தான் பிடித்து இழுத்தார். கடைசி நான்கு பேரால் வர முடியவில்லை. நாத்தனாரின் கணவரும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர்கள் மறுகரை மேட்டில் நிற்க, வனத்துறையினர் கயிறு கொண்டுவந்த பிறகே கடந்தார்கள். அத்தனை நேரமும் என் நாத்தனார் கரையை விட்டு நகரவில்லை, ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கவில்லை.

மலையில் செங்குத்தான பாறைச் சரிவுகளில் பெய்யும் மழை மண்ணில் ஊற நேரமின்றி நேராகப் பள்ளத்தில் இறங்கிவிடுவதால், கீழே ஒரு துளி விழாத இடத்திலும் நிமிடங்களில் வெள்ளம் வரும். உடுமலை திருமூர்த்திமலையின் பஞ்சலிங்க அருவியில் 2008இல் அப்படி வந்த வெள்ளத்தில் பலர் உயிரிழந்ததை நம் பக்கத்தில் பலரும் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். நீரின் நிறமோ இரைச்சலோ மாறினால், சருகு மிதந்தால், வழிகாட்டி என்ன சொன்னாலும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

வனச்சரக அலுவலகத்தில் விசாரித்தபோது அந்த வழிகாட்டி, "நானும் பணம் கட்டி வந்தவன்தானுங்க" என்று சொன்னதைக் கேட்டு நாங்கள் திகைத்துப்போனோம். அமைப்பாளரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், புலிகள் காப்பகப் பகுதி என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும் என்று வனவர் பொறுமையாகவே விளக்கினார். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் 10,000 ரூபாய் அபராதம் கட்டினோம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அருவியைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு, அனுமதி, காப்பீடு பற்றி அவர்கள் அனுப்பியிருந்த செய்திகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன, எண்ணும் முடக்கப்பட்டது. நல்லவேளையாக, மகள் தன் தோழிகளுக்குக் காட்டுவதற்காக அந்த உறுதிமொழிகளைப் படமெடுத்து வைத்திருந்தாள். யாருக்குப் பணம் அனுப்பினாலும், அனுப்பும் அன்றே பேச்சு முழுவதையும் படமெடுத்து வைத்துவிடுங்கள்.

முறையான வழி இல்லாததாலா இப்படிப் போக நேர்ந்தது என்றால், அதுவும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. காட்டோரக் கிராமங்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள், கோவை மாவட்டத்தில் சாடிவயல் - சிறுவாணித் தடம் அவற்றில் ஒன்று. அதிகம் நடக்க இயலாதவர்களுக்குக் கோவைக் குற்றாலம் இருக்கிறது: சாடிவயலில் கட்டணம் செலுத்தி வனத்துறை வண்டியில் சென்று, சிறிது தூரம் காட்டு வழியில் நடந்தால் போதும். வெள்ளம் வந்தால் அதை மூடிவிடுகிறார்கள். வீணாக வந்தோமே என்று அன்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் சலித்துக்கொண்டவள்தான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் ஒரு குழுவினர் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்றவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தத் துயரத்துக்குப் பிறகே மலையேற்றத்துக்கான விதிமுறைகளை அரசு கடுமையாக்கியது. கோடையில் தீ அபாயத்தைக் கருதித் தடங்களை மூடுவதும் அதனால்தான். மூடியிருக்கும் மாதத்தில் "எங்களுக்கு மட்டும் தனி அனுமதி" என்று எவரேனும் சொன்னால், மேற்கொண்டு பேசாதீர்கள். மற்ற மாதங்களிலும் தடத்தின் பெயரைக் கேட்டு, அந்த வனச்சரக அலுவலகத்துக்கே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் போன அருவியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தோம். பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். மகளின் படத்தை நீக்கக் கோரிக் காவல்துறையிலும் மனு கொடுத்திருக்கிறோம். விசாரணை நடப்பதால் அமைப்பாளரின் பெயரை இங்கே தரவில்லை.

அன்று எங்களுடன் வந்த மற்ற 22 பேரில் யாரேனும் இதைப் படித்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அபராத ரசீதையும் பத்திரமாக வைத்திருந்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மறுகரையில் நின்ற நால்வரில் கரூரிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர்கள் இருவரை நாங்கள் குறிப்பாகத் தேடுகிறோம். வழிகாட்டி கடைசியாகப் பேசியதை அவர்கள் காணொளியாக எடுத்திருந்தார்கள்.