சீசியம்–பேரியம் ஜெனரேட்டர்: எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுவதைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். மாறி வந்ததைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுத்து மாணவர் கண்முன் வைக்க, இந்தச் சிறு ஜெனரேட்டர் அருமையான கருவி. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே அயனிப் பரிமாற்றப் பொருளில் சுமார் 370 கிலோபெக்கரல் (கதிரியக்க அளவு) சீசியம்-137 ஒட்டியிருக்கும்.

சீசியத்தின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, பீட்டா துகள் வெளியேறுகிறது. அணு எண் 55 இப்போது 56, அதாவது பேரியம். தனிமம் மாறியதால் வேதிக் குணமும் மாறுகிறது. சீசியத்தை இறுகப் பிடித்திருக்கும் பொருள் பேரியத்தை விட்டுவிடுகிறது. பிரித்தெடுக்க முடிவதே மாற்றம் நடந்ததற்குச் சாட்சி.

கழுவும் திரவம் 0.9% உப்பும் 0.04 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது. சிரிஞ்சில் 2 மில்லி எடுத்து, டப்பாவில் குறித்துள்ள திசையிலேயே மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் பீறிட்டுத் தெறிக்கும். கையுறையும் அடியில் ஒரு தட்டும் கட்டாயம். வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் பேரியம் சரியாக வராது. அடுத்த முறைக்கு 10 நிமிடம் பொறுங்கள். அதற்குள் பேரியம் சுமார் 93% திரும்ப ஊறிவிடும்.

வடிந்த திரவம் உள்ள கிண்ணத்தை, கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டரின் மெல்லிய சாளரத்துக்கு நேர் கீழே வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை எண்ணிக்கை எடுங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறையும் காலம், அதாவது அரை ஆயுள், 2.55 நிமிடம் வர வேண்டும். 3 நிமிடத்தைத் தாண்டினால் முதலில் பின்னணியை, அதாவது கிண்ணம் இல்லாதபோதும் கவுண்டர் காட்டும் எண்ணிக்கையை, கழித்தீர்களா என்று பாருங்கள். ஜெனரேட்டரையே கவுண்டர் பக்கத்தில் விட்டுவைப்பதுதான் வழக்கமான தவறு. எண்ணிக்கை மிக வேகமாக இருந்தாலும் இழப்பு உண்டு: ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் 100 மைக்ரோநொடி செயலற்றுப் போகும் கவுண்டர் குழாய், நொடிக்கு 500 காட்டினால் உண்மையில் வந்தது 526.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த 2.55 நிமிடம் தனிம மாற்றத்தின் அரை ஆயுள் அல்ல. கிளர்வு நிலையில் இருக்கும் பேரியம்-137 எம், 662 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலை இறக்கிவிட்டு அமைதியடையும் காலம் அது. முன்னும் பேரியம், பின்னும் பேரியம். தனிமம் மாறியது டப்பாவுக்குள், 30 ஆண்டு அரை ஆயுளோடு. இதைச் சொல்லாமல் வரைபடம் போட வைத்தால் மாணவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

அளக்கும் சிதைவிலேயே தனிமம் மாற வேண்டுமென்றால் புரோட்டாக்டினியம் பாட்டிலை வாங்குங்கள். புரோட்டாக்டினியம்-234 எம், சுமார் 70 நொடி அரை ஆயுளில் யுரேனியம்-234 ஆகிறது. ஆனால் உள்ளே அடர் அமிலமும் கரிமக் கரைப்பானும் இருப்பதால் காலப்போக்கில் பாட்டில் நலிந்து கசியக்கூடும். பராமரிப்பில் சீசியம் டப்பாவே மேல்.

அதையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். வடித்த திரவத்தை அரை மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். பேரியம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். பின்னணியைவிடத் தெளிவாக மிகுந்த எண்ணிக்கை நின்றால், வெளியே வருவது சீசியம். அந்தத் திரவத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, அந்த டப்பாவை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.