மலாயாக்காரர் கட்டின வீட்டில் தங்கியபோது

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில், கண்டி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் பழைய பங்களா வீடொன்றை விருந்தினர் விடுதியாக்கியிருக்கிறார்கள். கனடாவிலிருந்து மகள் குடும்பம் வந்தபோது அங்கே தங்கினோம். காலைச் சாப்பாட்டோடு அறைக்கு இரவொன்றுக்கு 14,000 ரூபா. அந்தக் காசுக்கு வீடு தகும். வீட்டைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை மட்டும் பிழை. கட்டட ஓவர்சியராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாசலில் பித்தளைப் பலகை: 'ஒல்லாந்தர் காலத்து மாளிகை'. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் விட்டது 1795 இல். இந்த வீட்டின் முகட்டில் கிடப்பதோ மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்தின் பேசல் கிறிஸ்தவ மிஷன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865 இல்தான். பின் விறாந்தையில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். 'கொமன்வெல்த்' முத்திரை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு மிஷனின் தொழிற்சாலைகளை எடுத்து நடத்திய கொம்பனியின் பெயர் அது. பிறகு ஓடு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓட்டைத் தாங்கும் பனஞ்சிலாகைகளின் இடைவெளியைப் பாருங்கள். முதல் நாளே இந்த ஓட்டின் அளவுக்குத்தான் அடித்திருக்கிறார்கள். நடுவில் முற்றமும் இல்லை. முற்றத்தைச் சுற்றிக் கட்டும் பழைய நாற்சார் வீட்டை விட்டு விலகி, நடுவே ஹோல், இரு பக்கமும் அறைகள், முன்னால் கார் வந்து நிற்கப் போட்டிக்கோ, சிவப்புச் சீமெந்து நிலம் என்று கட்டிய வீடு. 1920களுக்கு முன்னே போகாது.

அடுத்த வளவு அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. பலகையைப் பற்றிக் கேட்டதும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஒல்லாந்தரோ? ஆர் சொன்னது? உது செந்தூல் றெயில்வேக்காரற்றை வீடு, தம்பி. அவற்றை கடைசி மகள்தான் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலாயாவின் முதல் இரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885 இல் திறந்தபோதே அதைப் போட்டதில் இலங்கையிலிருந்து போன தொழிலாளர் படைக்குப் பங்கு உண்டு. அதன் பிறகு மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த எங்கள் பெடியள் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கப்பலேறினார்கள். கோலாலம்பூரில் பிறிக்பீல்ட்ஸும் செந்தூலும் அவர்களுக்கு இன்னொரு ஊர். அங்கே உழைத்த காசு இங்கே கல்லாகவும் சுண்ணாம்பாகவும் நின்றது. இந்த மனிதரும் லீவுக்கு லீவு வந்து வீட்டைக் கட்டி முடித்து, பென்ஷனோடு திரும்பி, விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு அயலட்டைக்குக் கடிதங்கள் வாசித்துக் கொடுத்தாராம். அவருக்குப் பிறகு ரீச்சர் மகள் தனியே இருந்தா. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து முழு ஊரும் வெளிக்கிட்டபோது அவவும் தென்மராட்சிக்கு நடந்தா. அடுத்த வருடம் திரும்பி வந்து, கதவு நிலை பெயர்ந்து கிடந்த வீட்டில் சாகும்வரை இருந்தா. அதற்குப் பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்ததை உறவினர் ஒருவர் திருத்தியிருக்கிறார்.

இவ்வளவு பெறுமதியான கதையை விட்டுவிட்டு ஒல்லாந்தரை ஏன் இழுக்கிறார்கள்? கடல் கடந்து உழைத்த ஒரு கிளாக்கர் கட்டிய வீடு என்று பலகையில் எழுதினால் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்களா? வெளிநாட்டில் இருந்து வந்து தங்குகிறவர்களில் பாதிப்பேரின் பாட்டன் பூட்டன் கதையும் இதுதானே. முகாமையாளர் தம்பியிடம் ஓட்டைக் காட்டினேன். "எங்களுக்கு உப்பிடித்தான் ஐயா சொல்லித் தந்தவை" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைப் படம் எடுத்தான். முதலாளியோடு கதைப்பதாகச் சொன்னான். நல்ல பெடியன்.

திருத்தின வேலையில் பெரும்பகுதி சுத்தம். சுவரில் சீமெந்து பூசாமல் சுண்ணாம்பே பூசியிருப்பதால் ஈரம் மூச்சு விடுகிறது, உள்ளே மணமில்லை. தேக்கங் கதவுகளைப் பெயின்ற் அடித்துக் கெடுக்கவில்லை. ஆனால் குளிரூட்டிக் குழாயை வெளியே எடுக்க இரண்டு அறைகளில் நிறக்கண்ணாடி வென்ரிலேற்றரை உடைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி இனிக் கிடைக்காது. சுவரில் ஒரு துளை போட்டிருந்தால் போதும்.

சாப்பாடு குறைசொல்ல முடியாது. இடியப்பத்துக்கு வைத்த சொதியில் தேங்காய்ப்பால் தாராளம், சம்பல் இடித்த சம்பல். பேரப்பிள்ளைகள் ஒடியல் கூழ் கேட்டதற்கு முதல் நாளே சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னோம், செய்து தந்தார்கள்.

பதிவு செய்கிறவர்கள் தெற்குப் பக்க முன் அறையைக் கேளுங்கள். அங்கே குளிரூட்டி இல்லை, வென்ரிலேற்றர் முழுதாக இருக்கிறது, இரண்டு யன்னலையும் திறந்தால் காற்றுக்குக் குறைவில்லை. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் மற்றப் பக்க அறையை எடுங்கள், தெற்குப் பக்க அறையின் குளியலறைக்கு மூன்று படி இறங்க வேண்டும்.