பயம் முதலா, படபடப்பு முதலா?

இரவு பதினொரு மணி. தெருமுனையில் நாய் உறுமுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதில் எது முதலில் வந்தது?

படபடப்புதான் என்றார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1884-இல். உடல் முதலில் மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்வதுதான் பயம். டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கேயும் அடுத்த ஆண்டே ஏறத்தாழ இதையே சொன்னார்.

ஹார்வர்ட் பல்கலைக்கழக உடலியலாளர் வால்டர் கேனன் 1927-இல் இதை மறுத்தார். கோபம், பயம், காய்ச்சல் எல்லாவற்றிலும் இதயம் வேகமாகத்தானே துடிக்கிறது? அப்புறம் எதை வைத்துப் பிரித்தறிவது? இதயத்துடிப்பு போன்ற உடல் மாற்றங்களைத் தூண்டும் பரிவு நரம்புகளை நீக்கிய பூனைகள்கூட, குரைக்கும் நாயைக் கண்டதும் சீறின, காதை மடக்கின, பல்லைக் காட்டின. மூளையின் தாலமஸிலிருந்து உணர்ச்சியும் உடல் மாற்றமும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன என்பது அவர் விளக்கம். தாலமஸுக்கு அவர் கொடுத்த இடம் பின்னாளில் மூளையின் வேறு பகுதிகளான ஹைப்போதலாமஸ், அமிக்டலா பக்கம் நகர்ந்துவிட்டது.

பூனைச் சோதனை வலுவானதுதான். ஆனால் அதில் தெரிந்தது சீறல் மட்டுமே; பூனை உள்ளுக்குள் என்ன உணர்ந்தது என்பது தெரியவில்லையே! என் மனம் ஜேம்ஸ் பக்கமே சாய்கிறது. மூச்சை மெதுவாக இழுத்து விட்டால் பதற்றம் தணிவதைப் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.